நடிகைகள் வில்லி வேஷத்தைக் கேட்டு வாங்குவது ஏன்?

நொய்யல்கரை (கோவை)

இங்கே ஒரு சின்ன நாடகக்குழுவில் நடிக்கிறேன். தை மாதத்துக்கு நல்லதங்காள் கதையை மேடையேற்றப் போகிறோம். கதை தெரிந்ததுதான். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வெளியே போயிருக்கிற நேரம், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், சோறு போடாமல் அவமானப்படுத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறாள் நல்லதங்காள்.

யாருக்கு எந்த வேஷம் என்று பேசியபோது குழுவில் இருக்கிற பெண்கள் எல்லாருமே அலங்காரியைத்தான் கேட்டோம். நல்லதங்காளைக் கேட்க ஆளில்லை. இயக்குபவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கதாநாயகியை விட்டுவிட்டு எல்லாரும் கொடுமைக்காரி ஆகணும்னா எப்படி?" என்கிறார்.

என் பக்கத்தைச் சொல்கிறேன். நம் கதைகளில் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற பெண் பெரும்பாலும் வில்லிதான். கதாநாயகிக்கு எல்லாம் தானாக நடக்கும். அவள் அழுவாள், பொறுப்பாள், காத்திருப்பாள். வில்லிதான் முடிவெடுப்பாள். நடிக்கிறவளுக்குப் பிடிமானம் அங்கேதான் கிடைக்கிறது.

படையப்பா (1999) நாற்காலிக் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரஜினிகாந்த் துண்டை வீசி ஊஞ்சலை இறக்கி உட்கார்ந்ததற்குத்தான் கொட்டகை கைதட்டியது. ஆனால் அதற்கு முன்னால் ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிரில் வந்தவருக்கு நாற்காலி போடாமல் நிற்கவைக்கிற நிதானம் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் ஊஞ்சலுக்கு என்ன மதிப்பு? அவசரமே படாமல் உட்கார்ந்திருப்பார். அதே படத்தில் சௌந்தர்யாவும் இருக்கிறார், எவ்வளவு நல்ல நடிகை! தலையைக் குனிந்து நிற்கிற வேலையைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள்.

நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?

சென்னிமலைத் தறி

வணக்கம் அம்மணி. நீங்கள் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்க.

வில்லி வேஷத்தில் நடிப்பு வெளியே தெரியும். புருவத்தைத் தூக்கினால், குரலை ஏற்றினால், ஜனம் திரும்பிப் பார்க்கும். பொறுத்துக்கொண்டு நிற்பவளை நடிப்பதுதான் கஷ்டம். மனோகரா (1954) பாருங்கள். டி.ஆர். ராஜகுமாரி வசந்தசேனையாக வந்து அரசனைக் கைக்குள் போட்டுக்கொண்டு அரண்மனையையே ஆட்டிவைக்கிறார். பிரமாதமாகத்தான் செய்திருக்கிறார். ஆனாலும் படம் பார்த்தவர் மனசில் நிற்பது கண்ணாம்பாதான். மகனைத் தடுத்துத் தடுத்து, தானும் அடங்கி இருந்த அம்மா கடைசியில் வாய் திறக்கிறாள். அந்த வசனம் அந்தப் பாடு படுத்துகிறது என்றால், முன்னால் அவர் பேசாமல் நின்ற காட்சிகள்தான் காரணம்.

நல்லதங்காளைக் கேட்க ஆளில்லை என்றது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏழு பிள்ளையைக் கிணற்றில் போடுகிறவளுக்கு நடிக்க ஒன்றும் இல்லையா? மூத்தவன் தப்பி ஓடப் பார்ப்பான். அவனையும் விடமாட்டாள். பெற்றவளே இதைச் செய்கிறாள். அவளுக்காக அழுவதா, அவளைப் பார்த்துப் பயப்படுவதா என்று தெரியாமல் பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அலங்காரியால் அந்தப் பக்கமே வரமுடியாது.

ஏற்காடு குளிர் (சேலம்)

ராஜகுமாரி பேர் வந்ததால் நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். இது இன்று நேற்று வந்த ஆசை இல்லை என்பது அதில் தெரியும்.

ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. அது எடுக்கப்பட்டது கோயமுத்தூரில், சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில். அதில் ராஜகுமாரிக்கு ரம்பா என்கிற தாசி வேஷம். கதாநாயகனைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சொத்தைக் கரைத்து, நடுத்தெருவுக்குக் கொண்டுவருகிறவள். எம்.கே. தியாகராஜ பாகவதர் 'மன்மத லீலையை' என்று பாடுவது இவரைப் பார்த்துத்தான். அந்தப் பாட்டில் ராஜகுமாரி பறக்கவிட்ட முத்தம் ஒன்றைப் பற்றி எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் வயசான பிறகும் பேசுவார்கள். அந்த நல்ல மனைவி வேஷத்தைப் போட்டது யார் என்று கேட்டால் அவர்களுக்கு யோசிக்க நேரம் பிடிக்கும். அதற்கப்புறம் 1948ல் சந்திரலேகாவின் கதாநாயகியே ராஜகுமாரிதான். ரம்பா வேஷம் போட்டதால் அவருடைய மார்க்கெட் விழுந்துவிடவில்லை.

எங்கள் சேலத்துக்கு வாங்க. ஏற்காடு ரோட்டில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். 1947ல் 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி' எடுத்தார்கள், நடித்தவர் வி.என். ஜானகி. கேள்விக்குப் பதில் சொல்லாத ராஜகுமாரர்களின் தலையை எடுக்கச் சொல்கிற இளவரசி! அப்புறம் 1950ல் மந்திரி குமாரி, கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நடித்தது. ஆனால் படத்தின் உச்சம் எம்.ஜி.ஆரிடம் இல்லை. மலை உச்சிக்குப் பாட்டுப் பாடியே கூட்டிப்போய்ப் பெண்டாட்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறான் புருஷன். சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு, சுற்றி வந்து, அவனையே தள்ளிவிடுகிறார் மாதுரி தேவி. அவர் வில்லியே இல்லை, கதாநாயகி. தள்ளிவிட்ட கைக்கும் கதாநாயகிதான் சொந்தக்காரி.

கொங்கு நாட்டு ஸ்டுடியோக்களில் அந்தக் காலத்திலேயே பெண்ணுக்கு இப்படிப்பட்ட வேஷங்களை எழுதியிருக்கிறார்கள். நடிகைகளும் முகம் சுளிக்காமல் நடித்திருக்கிறார்கள். அதனால் என் ஓட்டு நொய்யல்கரைக்கு.

மஞ்சள் மாநகர் (ஈரோடு)

நான் ஒருவரோடும் சேரவில்லை. சென்னிமலை அண்ணா நடிப்புக் கஷ்டத்தைப் பேசுகிறார். ஏற்காடு பெருமையைப் பேசுகிறார். எனக்குக் கேள்வியே வேறு. வேண்டும் என்று கேட்கிற பெண் ஏன் வில்லியாகவே எழுதப்படுகிறாள்?

கொடி (2016) பாருங்கள், பொள்ளாச்சிப் பக்கம் எடுத்தது. தனுஷும் அரசியல்வாதி, த்ரிஷாவும் அரசியல்வாதி. அவன் மேலே ஏறினால் ஊருக்கு நல்லது. அவள் மேலே ஏற ஆசைப்பட்டால் காதலனையே கொல்கிறவளாக ஆகவேண்டும். அந்த ருத்ராவிடம் என்ன தப்பு என்று முதல் பாதி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது: புத்திசாலி, உழைப்பாளி, பேசத் தெரிந்தவள். இவ்வளவும் உள்ள பெண்ணைக் கடைசிவரைக்கும் நல்லவளாக வைத்திருக்கப் படத்துக்குத் தெரியவில்லை.

திமிரு (2006) ஈஸ்வரியும் அப்படியே. மதுரையில் கந்துவட்டி, கூடவே அடியாட்கள். ஷ்ரேயா ரெட்டி சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றால் கூட நடிக்கிற ஆண்கள் எல்லாம் சின்னதாகிவிடுவார்கள். அவள் செய்த குற்றம் எது என்று படம் சொல்கிறது? வட்டி வாங்கியதா? இல்லை. தானாக ஓர் ஆணை விரும்பி, அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னது. படையப்பாவில் ரம்யா கிருஷ்ணன் நடித்த நீலாம்பரிக்கும் அதேதான். பதினெட்டு வருஷம் ஓர் அறைக்குள் அடைந்துகிடந்து, கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறாள். அகம்பாவம் பிடித்த கதாநாயகன் எத்தனை பேரை நம் சினிமா பார்த்திருக்கிறது, அவர்களில் யார் இப்படிச் செத்தார்கள்?

நீங்கள் அந்த வேஷத்தை ஆசைப்பட்டு வாங்கும்போது, அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே வாங்குகிறீர்கள் நொய்யல்கரை. இரண்டரை மணி நேரம் நாற்காலி உங்களுக்கு. கடைசிப் பத்து நிமிஷம், "இப்படி உட்கார்ந்தால் இதுதான் கதி" என்று எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம்.

பனியன் நகர் (திருப்பூர்)

மஞ்சள் மாநகர் அக்கா, படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தெய்வமகள் சீரியல் ஓடிய காலம், 2013லிருந்து 2018 வரைக்கும். ராத்திரி பார்த்ததைக் காலையில் டேபிளில் பேசுவோம். வாணி போஜன் நல்ல பொண்ணு, எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் பேச்செல்லாம் அண்ணியாரைப் பற்றித்தான். ரேகா கிருஷ்ணப்பா போட்ட காயத்ரி வேஷம். "நேத்து எப்படி நின்னா பார்த்தியா", "அந்தக் கம்மல் எங்கே கிடைக்கும்", "எல்லார் வாயையும் அடைச்சுட்டாளே" என்று பேசுவார்கள். திட்டுவார்கள், திட்டிக்கொண்டே அவள் நடையை நடந்து காட்டுவார்கள். சூப்பர்வைசர் வந்து ஏசினால் பதில் பேசாமல் பீஸைத் திருப்பிப் போட்டு ஓட்டை தேடுகிற பெண்கள் இவர்கள். ராத்திரி ஒருத்தி யாருக்கும் தலைகுனியாமல் பேசுவதைப் பார்க்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை. அவள் கெட்டவளா நல்லவளா என்பதெல்லாம் அப்புறம்.

சீரியல் முடிவில் அவளுக்கு என்ன ஆனது என்று அதே டேபிளில் இன்றைக்குக் கேளுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் நடை எல்லாருக்கும் தெரியும்.

சென்னிமலைத் தறி

அப்படியென்றால் அது இன்னும் மோசம் இல்லையா கண்ணு? அந்தக் காயத்ரி யார் வாயை அடைத்தாள்? வீட்டில் இருக்கிற இன்னொரு பெண்ணின் வாயைத்தானே? சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசுகிறவளை எந்த சீரியலிலும் காட்டமாட்டார்கள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி, இவர்களுக்குள் அடித்துக்கொள்வதைத்தான் வருஷக்கணக்கில் காட்டுவார்கள். அதைத் தைரியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மஞ்சள் மாநகர் (ஈரோடு)

இதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணா.

எடப்பாடிக் கூத்து

நான் கூத்துப் பார்க்கிற ஆள், சினிமா அவ்வளவாகத் தெரியாது. எங்கள் பக்கம் நல்லதங்காள் வைத்தால் பெண்வேஷம் கட்டுவது ஆண்கள்தான். அலங்காரி கட்டுகிறவர் படுகிற பாட்டைச் சொல்கிறேன்.

நல்லதங்காளுக்குப் பாட்டு இருக்கிறது. பாட்டு ஆளைத் தூக்கிவிடும், மிருதங்கமும் முகவீணை என்கிற ஊதுகுழலும் கூடவே வரும். தொண்டை நன்றாக இருந்தால் ஜனம் அழுதுவிடும். அலங்காரிக்கு அந்த உதவி கிடையாது. பேச்சிலேயே ஆட்டத்தைப் பிடிக்கணும். ஓட்டைச் சட்டியையும் பச்சை வாழைமட்டையையும் கொடுத்து "இதில் பொங்கித் தின்னு" என்று சொல்கிற இடம் வரும். அங்கே கத்திச் சொல்கிறவரும் உண்டு. நான் பார்த்த நல்ல வேஷக்காரர் ஒருத்தர் கத்தவே மாட்டார். விருந்தாளிக்கு இலை போடுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக அந்த ஓட்டைச் சட்டியைத் துடைத்து, பார்த்து வைத்துவிட்டு, வெற்றிலையை மடிக்க உட்கார்ந்துவிடுவார். வயசான பெண்கள் எழுந்து நின்று மண்ணை வாரித் தூற்றுவார்கள்.

அதனால் புருவத்தைத் தூக்கினால் போதும் என்று சென்னிமலைக்காரர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆயிரம் பேர் வெறுப்பதைத் தாங்கிக்கொண்டு விடியவிடிய நிற்பதும் ஒரு பொறுமைதானுங்க.

நொய்யல்கரை (கோவை)

எடப்பாடி அண்ணா, அந்தச் சட்டி துடைக்கிற இடம் போதும் எனக்கு. நான் சொல்ல வந்ததே அதுதான். அலங்காரிக்குச் செய்ய வேலை இருக்கிறது. சட்டி, மட்டை, கதவு, வெற்றிலை என்று கைக்கு எல்லாம் உண்டு. எங்கள் ஒத்திகையில் நல்லதங்காளாக நிற்கிறவளுக்குக் கொடுத்த குறிப்பு "கண்ணைக் கீழே வை, பிள்ளைகளை அணைத்துக்கொள்". அலங்காரிக்குக் கொடுத்த குறிப்பு "நீ எப்போது பேசலாம் என்று தோன்றுகிறதோ அப்போது பேசு". எந்த நடிகையாக இருந்தாலும் எதைக் கேட்பாள்?

மஞ்சள் மாநகர் அக்கா, நீங்கள் சொன்ன தீர்ப்பு விஷயம் சரியான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதியது நடிகை இல்லை. அவளுக்குக் கிடைப்பது எழுதி முடித்த தாள். அதில் எங்கே மூச்சு விட இடம் இருக்கிறதோ அங்கே போகிறாள். சிம்ரனைப் பாருங்கள். 2000ல், மார்க்கெட் உச்சத்தில் இருந்த நேரத்தில், 'பார்த்தேன் ரசித்தேன்' படத்தில் வில்லியாக நடித்தார். யாரும் கட்டாயப்படுத்தி இருக்க மாட்டார்கள். 2024ல் 'அந்தகன்'. தபு இந்தியில் செய்த அதே வேஷம், சிம்ரன் பயமுறுத்துகிறார். இடையில் அவர் ஆடிப்பாடிய கதாநாயகி வேஷங்கள் எத்தனை இன்று நிற்கின்றன? கல்யாணம் ஆனால், வயசு ஏறினால், கதாநாயகிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். வில்லிக்கு வயசு கேட்பதில்லை. வேலை செய்து சாப்பிடுகிற பெண் இதையும் யோசிப்பாள் இல்லையா?

வரலட்சுமி சரத்குமார் 2018ல் ஒரே வருஷத்தில் சர்கார், சண்டக்கோழி 2 என்று இரண்டு பெரிய படத்தில் எதிரியாக நின்றார். இரண்டிலும் கதாநாயகி கீர்த்தி சுரேஷ். அதே கீர்த்தி தேசிய விருது வாங்கியது தெலுங்கு 'மகாநடி'யில் (தமிழில் நடிகையர் திலகம்) முழு மனுஷியாக நடித்ததற்கு. திறமை இல்லை என்று யார் சொல்வார்கள்? சர்காரில் அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?

ஏற்காடு குளிர் (சேலம்)

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நீலாம்பரிக்குப் பொன்னியின் செல்வன் நந்தினிதான் மூலம் என்று ரஜினிகாந்தே சொல்லியிருக்கிறார். கல்கி 1950களில் தொடராக எழுதிய நந்தினிக்கு ஒரு காரணம் உண்டு: கண்ணெதிரே ஒரு தலை வெட்டப்பட்டது. நாடகத்தில் அலங்காரிக்கும் அப்படி ஒரு காரணம் வைத்தால் என்ன? ஊரெல்லாம் பஞ்சம். எட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். தன் வீட்டுக் குதிரில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

நொய்யல்கரை (கோவை)

வேண்டாமுங்க. காரணம் வைத்தால் அவளும் பாவப்பட்டவள் ஆகிவிடுவாள். அப்புறம் மேடையில் இரண்டு நல்லதங்காள் நிற்பார்கள். அவள் கொடுக்க மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். அதை விளக்காமல் நடிக்க விடுங்கள்.

சென்னிமலைத் தறி

இந்த ஒரு இடத்தில் நான் அம்மணி பக்கம். கெட்டவளைக் கெட்டவளாகவே விடணும்.

மஞ்சள் மாநகர் (ஈரோடு)

நான் இல்லை. சென்னிமலை அண்ணா முதலில் சொன்னதையே திரும்பப் படியுங்கள். கதையில் கொலை செய்கிறவள் யார்? நல்லதங்காள். ஏழு பிள்ளை, ஒன்றொன்றாக. அலங்காரி செய்தது கதவைச் சாத்தியது, சோறு போடாதது. பெரிய பாவம்தான். ஆனால் கொலைகாரியைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம், கதவைச் சாத்தியவளைத் தலைமுறை தலைமுறையாக மண்ணை வாரித் தூற்றுகிறோம். ஏன்? ஒருத்தி பிறந்த வீட்டு மானத்துக்காகச் செய்தாள், இன்னொருத்தி தனக்காகச் செய்தாள். பெண் யாருக்காகச் செய்தாள் என்பதைத்தான் நம் கதை பார்க்கிறது. என்ன செய்தாள் என்பதைப் பார்ப்பதில்லை.

அப்படியிருக்க, அலங்காரிக்குத்தான் முடிவெடுக்கிற உரிமை இருக்கிறது என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை நொய்யல்கரை. கிணற்றடியில் நிற்கிறவள் எடுப்பது முடிவு இல்லையா? உங்கள் இயக்குநர் "கண்ணைக் கீழே வை" என்று சொல்வதால் அது முடிவாகத் தெரியவில்லை. மாதுரி தேவி மலை உச்சியில் மூன்று சுற்றுச் சுற்றியதைப் பற்றி ஏற்காடு சொன்னாரே, அந்த மூன்று சுற்றிலும் அந்தப் பெண் என்ன யோசித்தாள் என்று முகத்தில் தெரிய வேண்டும் இல்லையா? அதை நல்லதங்காளுக்குக் கேளுங்கள். வில்லியிடம் போய் மூச்சு விடுவதற்குப் பதிலாகக் கதாநாயகிக்கு மூச்சைக் கேளுங்கள். நடிகைகள் எல்லாரும் அலங்காரியை நோக்கி ஓடுகிற வரைக்கும் நல்லதங்காளை யாரும் திருத்தி எழுதமாட்டார்கள்.

நொய்யல்கரை (கோவை)

திருத்தி எழுதுகிறவரைக்கும் நான் எதில் நடிப்பது அக்கா? தை மாதம் வந்துவிடும். நாளைக்கு ஒத்திகையில் கிணற்றடிக் காட்சியில் கண்ணைக் கீழே வைக்காமல் செய்து பார்க்கலாமா என்று நீங்கள் சொன்னதை அப்படியே கேட்கிறேன். அவர் ஒத்துக்கொண்டாலும் என் விருப்பம் மாறாது. எனக்கு அந்த ஓட்டைச் சட்டி வேண்டும்.

எடப்பாடிக் கூத்து

சட்டியைத் துடைக்கும்போது உள்பக்கத்தை ஜனத்துக்குக் காட்டிவிட்டுத் துடைங்க. ஓட்டை தெரிந்தால்தான் மண்ணு வரும். அப்புறம் கடைசியில் நல்லதங்காளின் அண்ணன் அலங்காரிக்குக் கொடுக்கிற தண்டனையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. அது முடியாமல் எங்கள் ஊரில் யாரும் பாயைச் சுருட்ட மாட்டார்கள்.

மஞ்சள் மாநகர் (ஈரோடு)

எடுத்துவிடச் சொல்வதற்குத்தான் நான் மறுபடியும் வந்தேன். தண்டனை இல்லாமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜனம் எழுந்து போகிறதா, உட்கார்ந்து யோசிக்கிறதா என்று பார்த்துவிடலாம். நான் டிக்கெட் வாங்கி வருகிறேன்.